வள்ளக்கடவைத் தூர்வாரிய கோடை

அம்மா போன் செய்தபோது நான் நாகர்கோவிலில், வேலை செய்யும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தேன். கோடை விடுமுறை. மின்விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

“ஏட்டி, ஒனக்க அப்பா காலைலயே வள்ளக்கடவுல போயி நிக்காரு. சாயா கூடக் குடிக்கல்ல. பொக்லைன் வந்து எறங்கியிருக்காம். நீ வந்து கூட்டிட்டு வா.”

“நீ போயி கூப்பிட்டா வரமாட்டாராம்மா?”

“நான் அங்க போவ மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வள்ளக்கடவு என்பது எங்கள் ஊரின் நடுவில் இருக்கும் பழைய படகுத்துறை. ராஜா காலத்தில் வெட்டிய சானல் என்ற கால்வாய் அந்த இடத்தில் மட்டும் ஒரு குளம்போல அகன்று நிற்கும். தேங்காயும் கயிறும் உப்பும் ஏற்றிய வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்த இடம் என்பார்கள். நான் அங்கே ஒரு வள்ளத்தைக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் ஆகாயத்தாமரைதான். தண்ணீர் தெரியாதபடி மூடிக் கிடக்கும். அதன்மேல் கடைத்தெருவின் குப்பை. புதிதாக வருகிறவர்கள் அதைப் புல்தரை என்று நினைத்து கால் வைக்கப் போவார்கள், யாராவது சத்தம் போட்டு நிறுத்துவார்கள். அதைத்தான் இப்போது தூர்வாரி, கற்படிகளைச் செப்பனிட்டு, நடைபாதையும் விளக்கும் வைத்து மக்கள் மாலையில் வந்து உட்காரும் இடமாக்கப் போவதாகப் பலகை வைத்திருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பலகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

என் அண்ணனின் சைக்கிள் கடைசியாக நின்றது அங்கேதான்.

அது நடந்து இருபத்தைந்து வருடமாகிறது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றான். தலை சீவினான். “சாயங்காலம் வாறேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சண்டை இல்லை, கடிந்து ஒரு சொல் இல்லை. அதன்பிறகு அவன் வரவில்லை. கடவின் மதிலில் சாய்ந்து நின்ற சைக்கிளை மறுநாள் அப்பா கண்டுபிடித்தார். பூட்டியிருந்தது. சாவி இல்லை. எதிரே சாயாக்கடை வைத்திருந்தவர், அவன் படியில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். எழுந்து போனதைப் பார்க்கவில்லை.

தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து தேடினார்கள். மூங்கில் கழியை விட்டால் முழுதாக உள்ளே போயிற்று. “அடியே தெரியல்ல, சகதியாட்டு கெடக்கு” என்று சொல்லிக் கைவிட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். அம்மா நம்பிய அண்ணன் உயிரோடு இருந்தான். “சாவப் போறவன் சைக்கிளப் பூட்டுவானாட்டி?” என்பாள். அவனுடைய சட்டைகளை ஓணத்துக்கும் பொங்கலுக்கும் துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பாள். போனில் மறுமுனை பேசாமல் இருந்தால் “மக்கா?” என்று கேட்டுவிட்டு, அது துண்டிக்கப்படும்வரை காத்திருப்பாள். அப்பா நம்பிய அண்ணன் அந்தப் பச்சைக்கு அடியில் கிடந்தான். அப்பா அதைச் சொன்னதில்லை. ஆனால் சானலில் பிடித்த மீன் எங்கள் தெருவில் விற்பனைக்கு வரும்போது அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவார். நான் இரண்டையும் நம்பினேன். பஸ் கடவைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இலைகளுக்கு நடுவே நீர்க்கோழி ஏதாவது அசைந்தால்கூட முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா புன்னைமரத்தடியில் நின்றிருந்தார். வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்து காய்த்துப்போன கைகள், அவற்றைப் பின்னால் கட்டியிருந்தார். பொக்லைன் கரையோரச் சகதியை வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, வெயில்ல என்னத்துக்கு நிக்கிய? வீட்டுக்குப் போவோம்.”

“நீ போ மக்கா. நான் பாத்துட்டு வாறேன்.”

நானும் நின்றேன்.

மறுநாளும் அவர் போனார். அதற்கு மறுநாளும். முடிந்த நாட்களில் நானும் போய் நின்றேன். வண்டியை ஓட்டியவர் அருமனைக்காரர், நடுத்தர வயது. ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“பாட்டா, டெய்லி வந்து நிக்கியளே. ஏதாவது விழுந்து போச்சா?”

அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். ஓட்டுநர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு வண்டியில் ஏறிப்போனார். அன்றிலிருந்து சகதியை நேராக லாரியில் கொட்டவில்லை. முதலில் கரையில் பரப்பினார். அப்பா குனிந்து பார்த்து, தலையசைத்த பிறகுதான் அடுத்த வாரல். பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு ஹெல்மெட், யார் வீட்டிலிருந்தோ வந்த தையல் மிஷினின் சக்கரம். செருப்பு வரும்போதெல்லாம் அப்பா அதைக் கையில் எடுத்துக் கழுவிப் பார்த்தார்.

ஒரு காலையில் அப்பாவே எனக்கு போன் செய்தார். அவர் போன் செய்யும் வழக்கமே இல்லை.

“மக்கா, எலும்பு கெடைச்சிருக்கு. நீ வா.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகமில்லை. கடவில் கூட்டம். போலீஸ்காரர் ஒருவர் ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார். சாக்கின்மேல் கறுத்த எலும்புகள் கிடந்தன. அவற்றின் அருகில் அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் தொடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். குனிந்து ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

“இது மனுச எலும்பில்ல. மாடு” என்றார்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்” என்றார் அப்பா.

“சந்தேகமே இல்ல ஐயா. இந்தா பாருங்க, குளம்பு.”

அப்பா அந்தக் குளம்பை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்து, “மாடு” என்று மட்டும் சொன்னார். அம்மா அப்படியே கேட்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “நான் சொன்னம்லா... நான் அன்னைக்கே சொன்னம்லா” என்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று, சானலின் இரண்டு பக்கமும் மண்ணை அடைத்து, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். ஒரு சாயங்காலம் வள்ளக்கடவின் அடித்தரை முழுதும் வெளியே வந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. கரையில் நாங்கள் அறிந்த படிகளுக்குக் கீழே இன்னும் படிகள் இருந்தன. நிறைய. வள்ளம் கட்டும் கல்தூண்கள் வரிசையாக நின்றன. அடியில் கெட்டியான வெள்ளை மணல்.

கூட்டம் கலையும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு ஓட்டுநரிடம், “தம்பி, நான் கொஞ்சம் கீழ எறங்கிக்கிடட்டா?” என்று கேட்டார்.

“பாட்டா, வழுக்கும். பிள்ளையோட கையப் பிடிச்சுக்கிடுங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஈரப் படிகளில் பாசி வாடை. கீழே போகப்போகக் குளிர்ந்தது. தரையில் கால் வைத்ததும் அப்பா என் கையை விட்டுவிட்டார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தார். திரும்பி, கொஞ்சம் தள்ளி, மறுபடி நடந்தார். வயலில் வரப்புப் பார்க்கிறவர்போல ஓர் இடம் விடாமல் நடந்தார். தூண்களின் அடியில் குனிந்து விரலால் மணலைக் கிளறினார். நான் படியருகே நின்றேன். மேலே தெரு ஓசை எங்கேயோ தூரத்தில் கேட்டது. இத்தனை வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தின் அடியில் நிற்கிறேன் என்பதை உடம்பு நம்ப மறுத்தது.

அப்பா திரும்பி வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

“ஆடி அமாவாசைக்கு நான் கன்னியாகுமரி போவம்லா.”

“தாத்தாவுக்குத் தர்ப்பணம் குடுக்கதுக்கு.”

“எனக்க அப்பனுக்குக் குடுக்கும்போ அவனுக்கும் சேத்துத்தான் குடுப்பேன். ஒனக்க அம்மைக்குத் தெரியாது.” கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். “இங்க இல்ல மக்கா. அவன் இங்க இல்ல.”

“நல்லதுதானப்பா.”

“அப்போ அவன் போயிருக்கான். நம்மள விட்டுட்டு, தெரிஞ்சுதான் போயிருக்கான்.”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. செத்துப்போன மகனோடு அப்பா இத்தனை காலம் வாழ்ந்துவிட்டார். விட்டுப்போன மகனோடு அவரால் ஒருநாள்கூட இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, “அந்தச் சட்டையள யாருக்காவது குடுத்திரு” என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வருட ஆடி அமாவாசைக்கு அவர் குமரிக்குப் போகவில்லை. தன் அப்பாவுக்காகக்கூடப் போகவில்லை.

அம்மா சொன்னதுதான் சரியென்று ஆனது. ஆனால் அவளிடம் பழைய தெம்பு இல்லை. ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்:

“அப்போ ஏன் வரல்ல?”

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. அம்மா கேட்கவிட்டதில்லை. தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம்.

மழை முடிந்து சானலில் தண்ணீர் நிறைந்தபின் வள்ளக்கடவைத் திறந்தார்கள். படிகளைச் சுற்றி விளக்கு, கல்பெஞ்சுகள், நடைபாதை. ஏத்தன் வாழைப்பழ பஜ்ஜி போடும் வண்டிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. கடைத்தெருவுக்குப் போனால்கூடச் சுற்றுவழியாகப் போனார்.

அம்மாதான் கேட்டாள். “என்னை ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போயேன்.”

எனக்கு நம்ப முடியவில்லை. கூட்டிப்போனேன். தண்ணீரைப் பார்த்த பெஞ்சுகள் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. நுழைவாயிலுக்கு எதிரே, தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். “இங்க எல்லா ஊர் ஆளும் வருதுலா?” என்று கேட்டாள். உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தோம். எனக்கு விஷயம் புரிவதற்குச் சில வாரங்கள் ஆயின. அவள் கண்கள் கல்லூரிப் பையன்கள்மேல் மட்டுமே போய்ப் போய் நின்றன. ஒல்லியான, மீசை அரும்பிய, தலையைப் படிய வாரிய பையன்கள்.

“அம்மா,” என்றேன். “அண்ணனுக்கு இப்போ வயசாயிருக்கும். தலையெல்லாம் நரைச்சிருக்கும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடி வாங்கியவள்போல இருந்தது அந்தப் பார்வை. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பஜ்ஜிக் கடையின் புகை எங்கள்மேல் வந்து போயிற்று.

“முடி கொட்டியிருக்குமோ?” என்றாள் மெதுவாக. “ஒனக்க அப்பாவுக்கும் சின்ன வயசுலயே கொட்டிச்சுலா.”

“இருக்கலாம்.”

அன்றுமுதல் அவள் வழுக்கைத் தலைக்காரர்களையும் பார்க்கத் தொடங்கினாள். நானும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் வந்தார். முன்தலை வழுக்கை. நடக்கும்போது அண்ணனைப் போலவே இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அம்மா எழுந்துவிட்டாள். முட்டிவலியோடு அவர் பின்னாலேயே போனாள். நான் பின்தொடர்வதற்குள் அவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

“எந்த ஊரு மக்கா?”

“ஆரல்வாய்மொழி அம்மா. ஏன்?”

அவர் முகத்தை அம்மா நன்றாகப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தையும்.

“ஒண்ணுமில்ல. பிள்ளைய தண்ணிப் பக்கம் விடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

“மூக்கு வேற” என்றாள்.

வாசலில் அடுத்த பஸ்ஸின் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அங்கே பார்த்தோம்.