தப்புப் பண்ண ஓர் ஆள் தேவை

போன வியாழக்கிழமை என்னை ஒரு கல்லூரிக்கு அழைத்திருந்தார்கள். மேடையில் பேசத்தான் என்று நினைத்து நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது... என்னைக் கூப்பிட்டதே தப்புப் பண்ணுவதற்கு!

அழைத்தவள் கார்த்திகா. காரைக்குடியில் என்னை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஏற்றிப்போகிற ஆட்டோக்காரர் முருகேசனின் மகள். அரியக்குடியில் வீடு. சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். அவளும் உடன் படிக்கிற நவீனும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள். ஊர் ஊராக நடக்கிற இலவசக் கண் முகாமுக்கு ஒரு புரோகிராம். யாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், எத்தனை மணிக்குப் பஸ் என்பதையெல்லாம் அதுவே ஞாபகம் வைத்துக்கொண்டு அவரவர் போனுக்கு மெசேஜ் அனுப்பிவிடும்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் சரியாத்தான் ஆச்சி அமுக்குறாக. கம்ப்யூட்டர் தெரியாதவுக அமுக்குனா என்ன ஆகும்னு பாக்கணும். யோசிச்சோம்... உங்க ஞாபகந்தான் வந்துச்சு" என்றாள்.

இதற்குக் கோபப்படுவதா, பெருமைப்படுவதா?

உட்கார்ந்தேன். பெயர் கேட்ட இடத்தில் வயதைப் போட்டேன். வயது கேட்ட இடத்தில் 'ஐம்பத்தெட்டு' என்று எழுத்தில் எழுதினேன். போன் நம்பரில் ஓர் எண்ணை விட்டுவிட்டேன். ஒரே பட்டனை மூன்று தடவை அமுக்கினேன் — மிக்ஸி ஓடாவிட்டால் அப்படித்தானே செய்வோம்? மூன்றாவது அமுக்கலில் திரை வெள்ளையாகி நின்றுபோனது. தொலைந்தது, உடைத்துவிட்டேன் என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சூப்பர் ஆச்சி! இது எங்களுக்குத் தோணவே இல்ல!" என்று நவீன் குதித்தான். ஒரு நோட்டை எடுத்து நான் செய்த தப்பை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டான். கேன்டீனிலிருந்து எனக்கு டீயும் பப்ஸும் வந்தன.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. இங்கே தப்பைக் காட்டிக் கொடுத்தால் பப்ஸ்!

"நாலு வருசமா என்னதான்டி படிக்கிறீக?" என்று கார்த்திகாவிடம் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சொன்னதச் செஞ்சுரும் ஆச்சி. மனுசங்க எங்கெங்க தப்புப் பண்ணுவாங்கன்னு யோசிக்கிறதுதான் கஷ்டம். நம்ம எழுதுனதுல எங்கயோ தப்பு இருக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் தெனம் உக்காரணும்."

நான் அசந்துபோனேன். எத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்! என் எழுத்தில் தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறேனா? போன மாதம் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு எழுதினேன். ஒரு கைப்பிடி உளுந்து என்று இருக்க வேண்டியது ஒரு டம்ளர் என்று வந்துவிட்டது. மருமகன் வந்திருந்த அன்று பணியாரம் சட்டி எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டது என்று தேவகோட்டை வாசகி ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். 'அச்சுப்பிழை, மன்னிக்கவும்' என்று பதில் போட்டேன். அச்சுப்பிழை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்!

கடைசியாக, "ஒரே ஒரு தடவ சரியாப் போடுங்க ஆச்சி" என்றாள் கார்த்திகா. அ. உமையாள், வயது 58, என் போன் நம்பர் எல்லாம் சரியாகப் போட்டேன். எந்தக் கண் என்று கேட்டது. வலது கண்ணில் கொஞ்ச நாளாகத் தண்ணீர் வடிகிறது. வலது என்று அமுக்கினேன். பச்சையாக ஒரு டிக் வந்தது. இரண்டு பேரும் கை தட்டினார்கள். மறுநாள் ரிவ்யூ, புராஜெக்டைப் பார்த்து மார்க் போடுவார்கள், அவசியம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை போகும்போது ஆட்டோவில் முருகேசன் விஷயத்தைச் சொன்னார். கார்த்திகாவுக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த புராஜெக்டில் மார்க் குறைந்தால் அது கை நழுவிப் போகும். முதல் ரிவ்யூவில் தேறாவிட்டால் இரண்டாவது ரிவ்யூ உண்டு, ஆனால் பாதி மார்க்தான்.

"இன்னைக்கு முடிஞ்சுரும்ல ஆச்சி?" என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் என்னைத் தூக்கிப் போட்டார்.

வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். சிரிப்பைச் செலவழிக்காத முகம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகா தடுமாறாமல் விளக்கினாள். முகாமின் நிஜமான பட்டியலையே, நான் அமுக்குவதற்கு முன்பே, ஏற்றியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அதை வைத்துத்தான் முகாம் நடக்கப்போகிறது. ஒரு பட்டனைத் தட்டி, "இப்ப எல்லாருக்கும் மெசேஜ் போயிரும் சார்" என்றாள்.

என் கைப்பைக்குள் போன் கூவியது! எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தேர்வாளர்கூடச் சிரித்துவிட்டார். கைதட்டல். நான் பெருமையோடு போனை எடுத்துப் படித்தேன்.

'அ. உமையாள் அவர்களுக்கு, ஞாயிறு காலை 7 மணிக்குப் பஸ். வலது கண் ஆபரேஷன்.'

எனக்கு எதற்கு ஆபரேஷன்? நான் சும்மா போட்டுப் பார்த்ததுதானே? அடுத்த நிமிஷம்தான் இன்னொரு உமையாள் ஞாபகத்துக்கு வந்தாள்.

நேமத்தான்பட்டியில் இருக்கிற என் சித்தப்பா மகளும் உமையாள்தான். எங்கள் வீடுகளில் அப்படித்தான் — அப்பத்தா பெயரை அண்ணன் மகளுக்கும் வைப்பார்கள், தம்பி மகளுக்கும் வைப்பார்கள். அவள் என்னைவிட நாலு மாதம் இளையவள். அவள் கணவர் அருணாசலம், என் கணவர் அண்ணாமலை, இரண்டும் 'அ'. அவள் போனை எடுக்கவே மாட்டாள் என்பதால் முகாமில் என் நம்பரைக் கொடுத்துப் பதிந்ததும் நான்தான். பெயர், வயது, நம்பர் எல்லாம் ஒன்று என்று கண்டதும் புரோகிராம் இரண்டு உமையாளையும் ஓர் ஆளாக்கிவிட்டது. அவளுக்கு ஆபரேஷன் இடது கண்ணில். நான் வலது என்று அமுக்கியதும் இடதை அழித்துவிட்டு, சத்தமில்லாமல் வலதை எழுதி வைத்திருக்கிறது.

உடனே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முருகேசன் கண்ணாடியில் பார்த்த பார்வைதான் கண்முன் நின்றது.

எல்லாம் முடிந்து, மார்க் போடுவதற்காக மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் கார்த்திகாவிடம் போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு முறை படித்தாள். உடனே கதவுப் பக்கம் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருடி. மார்க்கப் போட்டு முடிக்கட்டும். அப்புறம் சரி பண்ணிக்கிட்டாப் போச்சு. டாக்டர் பாக்காமயா செய்யப் போறாரு?"

"பாப்பாரு ஆச்சி. ஒரு நாள் பாக்காம விட்டுட்டா?" கையை உருவிக்கொண்டாள். "கண்ணு ஆச்சி!"

போய்விட்டாள். திறந்த கதவு வழியாகக் குரல் கேட்டது.

"சார், எங்க புரோகிராம்ல தப்பு இருக்கு. ரெண்டு பேர ஒரே ஆளா சேத்துருச்சு. ஞாயித்துக்கெழம இத யூஸ் பண்ணக் கூடாது சார்."

தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார்.

"ஆமா சார்."

அவ்வளவுதான் சொன்னாள். விளக்கம் இல்லை, அழுகை இல்லை. இருபத்தொரு வயதுப் பெண்! நான்கு வருஷம் அந்தக் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் படிப்புக்கு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

தேர்வாளர் அவளைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, விதிப்படி இரண்டாவது ரிவ்யூவுக்குத் தள்ளிவிட்டார். பாதி மார்க். நடந்ததை அந்தக் கம்பெனிக்கு கார்த்திகாவே எழுதிவிட்டாள். இதை நான் எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை.

திரும்பும்போதும் முருகேசன் ஆட்டோதான். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, "பத்து நிமிசம் கழிச்சுச் சொல்லியிருந்தா என்னவாம் ஆச்சி?" என்றார். பத்து நிமிஷம் பொறு என்று சொன்னவளே நான்தானே! ரயில் போனது. "ஆனா சொல்லிருச்சு பாருங்க" என்றார். அப்புறம் வீடு வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முகாமைப் பழையபடி கையால் எழுதிய பட்டியலை வைத்தே நடத்தினார்கள். உமையாளுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "ஒனக்கு இம்புட்டு நரையா?" என்று கேட்டாள். நன்றாகத் தெரிகிறது போல.

நேற்று கார்த்திகா மறுபடியும் கூப்பிட்டாள். அதே பெயர், அதே வயது, அதே நம்பரைப் போட்டேன். இந்த முறை புரோகிராம் நின்று, 'நேமத்தான்பட்டி உமையாளா, வேறு ஒருவரா?' என்று மரியாதையாகக் கேட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ரிவ்யூ. அதற்கும் போகிறேன். ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே எழுந்து சொல்வதாக உத்தேசம்.

வீட்டுக்கு வந்து பழைய காகிதக் கட்டைப் பிரித்தேன். போன மாதம் நான் எழுதிய தாள் கிடைத்தது. நீல மையில், என் கையெழுத்தில், தெளிவாக இருக்கிறது: 'உளுந்து — ஒரு டம்ளர்.'

தேவகோட்டை வாசகிக்கு... அது அச்சுப்பிழை இல்லை, என் பிழை. ஒரு கைப்பிடி போதும்; மருமகனை இன்னொரு தடவை அழையுங்கள்!