சிறுவாச்சூரில் இடித்த மாவு

என் மகளுக்குச் சிறுவாச்சூர் காளி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது என் வீட்டுக்காரர் வரவில்லை. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் அவருக்கு வேலை. "மேனேஜர் லீவு தரமாட்டேங்கிறாரு, நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான் வரலையாக்கா?" என்று தம்பி கேட்டான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கோயிலில் மாவிளக்குக்கு மாவை அங்கேயே உரலில் இடிப்போம். ஒவ்வொரு குத்துக்கும் அந்த மேனேஜரைச் சபித்தேன். பெற்ற அப்பனை விடாதவன் குடும்பம் விளங்குமா என்று அம்மனிடம் கேட்டேன். சொந்தக்காரர்கள் காதுபடவே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த மாதம் ஆலையில் குடும்ப விழா. தொழிலாளிகளை உற்சாகப்படுத்த அந்த வருஷம்தான் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். லீவே போடாதவருக்குப் பரிசு என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "மகளுக்குக் காதுகுத்து, மூணு நாள் போயிட்டு வாப்பான்னு நானே சொன்னேன். வேலைதான் சார் முக்கியம்னு வந்து நின்னாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

பரிசு வாங்க என்னையும் மேடையேற்றினார்கள். எவர்சில்வர் குடத்தைக் கொடுத்துக்கொண்டே மேனேஜர், "கோயில்ல எங்களுக்கும் வேண்டிக்கிட்டீங்களாம்மா?" என்றார்.

"உங்களுக்குத்தான் சார் ரொம்ப வேண்டிக்கிட்டேன்," என்றேன். வேறென்ன சொல்வது? அந்த மனுஷன் கைகூப்பினார். நான் கூனிக் குறுகிப் போனேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் பெர்மனெண்ட் ஆவலை. லீவு போட்டா பேரு கெட்டுடும். போயிட்டு வாம்பாங்க, மனசுல என்ன வச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? பயமா இருந்துச்சு. சொன்னா நீ சண்டைக்கு வருவ."

வந்திருப்பேன். பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியாதபடி அவரை வைத்திருந்திருக்கிறேன். மேடையில் பட்டதைவிட அதுதான் வெட்கமாக இருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க," என்றேன். "அந்த சாருக்காக மாவு இடிச்சு, சொன்னதையெல்லாம் திருப்பி வாங்கிக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லீவு கேக்கணுமே," என்றார்.