மோட்டார் ரூமிலிருந்து ஒரு போன்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை எங்கள் அப்பா பெரும்பாலும் போனில்தான் குடியிருந்தார். எனக்காவது அவர் வீட்டுக்குள் நடமாடிய ஞாபகம் கொஞ்சம் இருந்தது. தங்கச்சிப் பாப்பாவுக்கு அதுவும் கிடையாது. அவள் பிறந்து மூன்று மாதத்தில், போர்வெல் தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானுக்குப் போனவர் அப்பா. வடக்கே மழை பிடித்துவிட்டால் காடெல்லாம் சேறாகி வண்டி இறங்காது. அப்போதுதான் ஆட்களை ஊருக்கு அனுப்புவார்கள். அதனால் எங்கள் வீட்டில் மழை என்றால் அப்பா வரும் காலம் என்று அர்த்தம். எங்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு மழை வேண்டும் என்று நான் ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லை, ராஜஸ்தானுக்குத்தான் கும்பிட்டிருக்கிறேன்.

முந்தின வருஷ மழைக்கு அப்பாவால் வர முடியவில்லை. பாப்பாவுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாவின் செல்போனுக்கு அவள் வைத்திருந்த பெயர் அப்பா. சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் அப்பா தூங்குகிறார் என்று வாயில் விரல் வைத்து எங்களை அடக்குவாள். தான் சாப்பிடும்போது அதற்கும் ஒரு வாய் ரசம் சோறு ஊட்டுவாள். அதைத் துடைத்துத் துடைத்தே அம்மாவின் முந்தானை வீணாய்ப் போனது. மற்றபடி பால் எடுக்க வருகிறவர், கரண்ட் ரீடிங் பார்க்க வருகிறவர் என்று எங்கள் வாசலுக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு மாமாதான். அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்த ஆவணியில் அப்பா வந்து இறங்கினார். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்தார். அம்மா அவரை நேராக வீட்டுக்குள் விடவில்லை. தாடியை எடுக்கச் சொல்லி, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, வெள்ளைச் சட்டை வேட்டி மாட்டவைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரச் சொல்லி, பிறகுதான் பாப்பா முன்னால் நிறுத்தினாள். பிள்ளை பார்க்கும்போது லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள் போல. பாப்பா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழுது, போனைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாள்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அப்பா சிரித்தார். மூன்றாம் நாள் சேலத்திலிருந்து தகவல் வந்தது. சித்திக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சித்தப்பாவும் ரிக் வண்டிதான், அவர் இருந்தது ஆப்பிரிக்காவில். கூட இருக்க அம்மாவை விட்டால் ஆளில்லை. பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் முடியாது. போன் இல்லாவிட்டால் அவள் இருக்கமாட்டாள் என்பதால் அம்மா அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழைய பட்டன் செல்லை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏனுங்க, மூணு நாள் சமாளிச்சுக்குவீங்களா என்று வாசலில் நின்று கேட்டாள். ஆயிரம் அடி போர் போடற எனக்கு இது ஒரு வேலையா என்றார் அப்பா.

அந்த முதல் நாளை இப்போது நினைத்தாலும் அவர்மேல் பரிதாபமாக இருக்கிறது. கஞ்சி காய்ச்சினார், கட்டி தட்டியது. தோசையை யானை மாதிரி ஊற்றினார், யானையைப் பார்த்தும் அழுதாள். தூக்கப் போனால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டாள். அம்மா இல்லாத ஏக்கத்தில் என் கையால் கொடுத்தாலும் வாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு நான் திரிந்தேன். சாயங்காலம்வரை அரை டம்ளர் தண்ணீர்தான் உள்ளே போயிருந்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. அப்போது அம்மா கூப்பிட்டாள். அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"பாப்பா நல்லாச் சாப்புட்டான்னு சொல்லு சாமி. இல்லீன்னா உங்கொம்மா அங்க சித்திய உட்டுட்டு ஓடியாந்துருவா."

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று போனில் மிரட்டியவர் இவர்தானா என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனாலும் சொன்னேன். நாளைக்கும் பாப்பா சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு டப்பாவைத் தேடினேன், காணவில்லை. அப்பாவையும் காணவில்லை. காட்டு மூலையில் இருந்த மோட்டார் ரூமில், போர்வெல் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரசர் தடதடவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முந்தின நாள் பெய்த மழையில் குச்சிக்காட்டில் தண்ணீர் நின்றிருந்தது. இதற்குமேல் யார் மோட்டார் போட்டது என்று யோசிக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது.

எடுத்தால் வீடியோவில் அப்பா. ராஜஸ்தானில் இருந்த அதே அப்பா. முகமெல்லாம் கல்தூள், தலையில் துண்டுக் கட்டு, பின்னால் கம்ப்ரசர் இரைச்சல். அதற்கு மேலே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பாப்பா கீழே விழுந்துவிடுவதுபோலக் குதித்தாள். அப்பா அப்பா என்று போன் கண்ணாடியை நக்கினாள். தங்கம், மம்மு தின்னு பாக்கலாம் என்று அவர் கத்தக் கத்த, நான் பிசைந்து வைத்திருந்த இட்லியை ஒவ்வொரு வாயாக வாங்கினாள். இரண்டு இட்லி முழுசாகப் போனது.

அப்பா சொல்லாமல் கொள்ளாமல் ராஜஸ்தானுக்குப் போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு காலைக்குள் எப்படிப் போனார்? வாசலில் பார்த்தால் அவர் செருப்பு கிடந்தது. செருப்புப் போடாமலா போயிருப்பார்? மத்தியானமும் அதேபோல் போன் வந்தபோது பாப்பாவை அதோடு பாயில் உட்காரவைத்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் ஓடினேன்.

மோட்டார் ரூம் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க எங்கள் கோலமாவு. கையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தங்கம், இன்னொரு வாய் என்று அதைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மூச்சுக்காட்டாமல் திரும்பிவிட்டேன். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்ததில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, இங்கே இருந்துகொண்டே ராஜஸ்தானில் இருப்பதாக நினைக்கிறார் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள் என்று அவளிடமும் மூச்சுவிடவில்லை.

ஒவ்வொரு வேளையும் இதே கூத்துதான். பாப்பா சாப்பிட்டு முடித்ததும் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு ஒன்றும் அறியாதவராக வீட்டுக்கு வருவார். வயிறு நிறைந்த பாப்பா இப்போது அவரைப் பார்த்து அழுவதில்லை. தூரத்தில் நின்று, போனை அவருக்குக் காட்டி, அப்பா என்று அறிமுகம் செய்துவைப்பாள். அப்படிங்களா, நல்லா இருக்காருங்களா என்று அவரும் மரியாதையாக விசாரிப்பார்.

மூன்றாம் நாள் காலை, போனில் அப்பாவோடு பேசிக்கொண்டே பாப்பா வாசலுக்கு ஓடிவிட்டாள். கோழியைத் துரத்தினாளோ என்னவோ, படியில் தடுக்கிக் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். போன் ஒரு பக்கம் போய் விழுந்தது. நான் ஓடி வருவதற்குள் காட்டுப் பக்கமிருந்து அப்பா பாய்ந்து வந்தார். துண்டுக் கட்டோடு, மாவு முகத்தோடு, சேற்றுக் காலோடு, கையில் அணைக்காத போனோடு வந்து அவளை வாரி எடுத்தார். தங்கம் தங்கம் என்று அவர் வாயும் கத்தியது, கீழே கிடந்த போனும் கத்தியது.

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள். கீழே கிடந்த போனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி அவர் கன்னத்தில் இருந்த மாவைத் துடைத்தாள். துடைத்த இடத்தில், இத்தனை நாள் வீட்டுக்கு வந்துபோன மனிதர் தெரிந்தார்.

"மாமா," என்றாள்.

அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அன்று முழுக்க இறங்கவேயில்லை. கட்டி தட்டிய கஞ்சியைக்கூட அவர் கையால் குடித்தாள். சித்திக்குப் பையன் பிறந்த சந்தோஷத்தோடு மறுநாள் வந்த அம்மா, காலி மாவு டப்பாவையும் குளமாகிக் கிடந்த காட்டையும் பார்த்து என்னைத் திட்டினாள். அப்பா மடியில் உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்பான்னு சொல்லு கண்ணு என்று பழக்கிப் பார்த்தாள். எப்படியோ கூப்புடட்டும் உடு என்றார் அவர்.

புரட்டாசி நடுவில் வடக்கே மழை விட்டதும் அப்பா கிளம்பினார். போன நாலாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. நிஜமான கல்தூள், அதே துண்டு, ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சல். அப்பா பாரு, அப்பா பாரு என்று அம்மா போனை நீட்டினாள். பாப்பா முகத்தைக் கிட்டே கொண்டுபோய் நன்றாகப் பார்த்துவிட்டு, கையைத் தட்டிச் சிரித்தாள்.

"மாமா! மாமா!"

நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் போனில் அவர் முகம் போய் வானம் வந்துவிட்டது. வெறும் வானமும், ஓரத்தில் ரிக் வண்டியின் கம்பமும். சிக்னல் போச்சு போல என்றாள் அம்மா. சிக்னல் இருந்தது. கம்ப்ரசர் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஏம்ப்பா வானத்தையே காட்டறீங்க என்று நான் கேட்டேன். வானத்துக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"மழ வருதான்னு பாக்கறேன் சாமி."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போதுதானே மழை விட்டது என்று போனார்? இனி அடுத்த ஆடிக்குத்தான் அங்கே மழையாம், எங்கள் டீச்சர் சொன்னார்கள் என்று, அப்பாவுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்ட பெருமையோடு சத்தமாகச் சொன்னேன்.