அண்ணன் தம்பிக்கு நடுவே அருந்ததி

அக்கராயனில் வீரகத்தியும் தம்பி சிவராசாவும் ஒரே வளவுக்குள்தான் குடியிருந்தார்கள். வயல் வரம்பில் தொடங்கிய சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் வாயிருந்தும் ஊமையானார்கள். ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதையெல்லாம் வீரகத்தியின் மகள் அருந்ததிதான் காவிக்கொண்டுபோய்ச் சொல்லவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது என்ன தலைவிதியோ!

விடிந்தால் புலமைப்பரிசில் சோதனை. பாஸ் பண்ணினால் கிளிநொச்சியில் விடுதியில் நின்று படிக்கலாம் என்று தவராசா வாத்தியார் சொன்னார். சொன்ன கையோடு அடியும் போட்டார். ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் எப்போது நிரப்பும் என்று கேட்டால், குழாய்கள் இரண்டும் கோபம், கதைப்பதில்லை என்று எழுதுகிற பிள்ளையை வேறென்ன செய்வது?

அன்று பின்னேரம் வீரகத்தி அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தண்ணி என்ர முறை. மடையில கை வைச்சானெண்டால் கையை முறிப்பன் எண்டு உன்ர சித்தப்பனிட்டச் சொல்லு."

அதை அப்படியே கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை. வழமைபோல முற்றத்தைக் கடப்பதற்குள் மாற்றிவிட்டாள்.

"சித்தப்பா, உங்கட பயிர் வாடுதெண்டு அப்பா கவலைப்படுறார். நாளைக்கு நீங்கள் தண்ணி கட்டுங்கோவாம்."

சிவராசாவின் முகம் இளகியது. "மெய்யாத்தானோ பிள்ளை?"

"ஓம் சித்தப்பா."

காலையில் தாய் இரஞ்சிதம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது வயலில் சத்தம் கேட்டது. அருந்ததி பின்னல் பாதியில் கிடக்க ஓடினாள். தண்ணீர் சிவராசாவின் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மடையில் நின்ற அவருக்கு நேரே வீரகத்தி மண்வெட்டியை ஓங்கியிருந்தார்.

"அப்பா, அடியாதேங்கோ. நான்தான் பொய் சொன்னனான்."

மண்வெட்டி மெல்ல இறங்கியது. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"எத்தினை நாளாப் பொய்?" என்றார் வீரகத்தி.

"எல்லா நாளும்."

வீரகத்தி தம்பியின் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்தில இதைத்தான் படிக்கிறாள் போல. சோதனையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். மறிப்பம்."

"ஓம் அண்ணை. வீட்டில நிக்கட்டும்."

அண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் அருந்ததிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. சோதனைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் உழவு இயந்திரம் ரோட்டில் வந்து நின்று ஹோன் அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் தண்ணீரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.