கைராசியுள்ள டாக்டரம்மா

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லாததால் என்னை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு செய்தவர் என் மாமியார். அது தொண்ணூறுகளின் கடைசி. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். டாக்டரின் படிப்பை அவர் கேட்கவில்லை, கைராசியைத்தான் கேட்டார்.

திண்டுக்கல்லில் முதலில் பார்த்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்கிட்ட ஒரு குறையும் தெரியல. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவருக்கு விந்து டெஸ்ட் எடுக்காம உனக்கு ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் என்மேல் பழி போடாத முதல் ஆள் அவர்தான்.

வெளியே வந்ததும் மாமியார் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டார்: "ஏத்தா, டாக்டரம்மாவுக்கு எத்தனை புள்ளைக?"

அவள் குரலைத் தாழ்த்தி, "இல்லம்மா" என்றாள்.

அவ்வளவுதான். "தனக்கே ஒண்ணு பெத்துக்க வக்கில்லாதவ உனக்கு எங்கிட்டுக் குடுப்பா? இதுல எம்புள்ளைய வேற கூட்டியாரணுமாம்ல!" பஸ் சின்னாளப்பட்டி வரும்வரை ஏச்சு ஓயவில்லை. என் கணவர் விஷயத்தைக் கேட்டு, "அம்மா சொல்றதும் சரிதான்" என்று சோற்றைப் பிசைந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை, மடச்சி.

அடுத்து மாமியார் தேர்ந்தெடுத்த டாக்டரம்மா நாலு பிள்ளை பெற்றவர். கணவரைப் பற்றி மூச்சே விடவில்லை. இரண்டு வருடத்தில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். கர்ப்பப்பையை மூன்று முறை சுரண்டிச் சுத்தம் செய்தார். மூன்றாம் முறை மயக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. நான் போட்ட கூச்சல் வெளியே கேட்டிருக்கிறது. "பெக்கத் தெரியலன்னாலும் நல்லாக் கத்தத் தெரியுது" என்று மாமியார் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள்.

அதன்பிறகு எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. "குறை யாருக்குன்னு இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?" என்றார் மாமியார். அதையே சாட்சியாகக் காட்டி, ஊர்ப் பெரியவர்களை வைத்து என்னை அத்துவிட்டார்கள்.

மறு வருடமே கீரனூர்ப் பக்கத்திலிருந்து புதுப் பெண் வந்தாள். அவளுக்கும் இரண்டு வருடமாக ஒன்றும் தங்கவில்லை. ஒருநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என்னை அடையாளம் கண்டு, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அத்தை சொல்றாங்க. நீங்க ரெண்டு பேருகிட்டப் பாத்தீங்களாமா. யாருகிட்டப் போனா நல்லதுங்கக்கா?"

முதல் டாக்டரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அவள் கழுத்தில் நான் கழற்றிக் கொடுத்த சங்கிலி கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நாலு பிள்ளை பெத்த டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, உன் அத்தைக்குத் தெரியும். நல்ல கைராசி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். மாமியாராவது அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர். உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.