தங்கைக்காகப் போட்ட சத்தம்

நான் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று தரமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அதை நெஞ்சை நிமிர்த்தித்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன், போன கோடை வரைக்கும்.

ரூ பெர்தொனே என்கிற பிரெஞ்சுத் தெருவில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நான் வெங்காயம் உரிக்கிறேன். வயது போனாலும் சும்மா இருந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் சட்டி கழுவுகிறவள் மாலி நாட்டுப் பெண், என் மகளின் வயது. என்னைத் 'தாந்தி' என்பாள். அவர்களுடைய பிரெஞ்சில் மாமி. நான் 'பிள்ளை' என்பேன். இரண்டு பேருக்கும் உடைந்த பிரெஞ்சுதான். அது போதும்.

அவளுடைய தங்கைக்கு ஊரில் ஐந்தாவது பிரசவம். அன்று காலை தங்கையின் மாமியார் அங்கேயிருந்து போன் எடுத்தாள். ஆண் பிள்ளையாம்.

"ஒரு சத்தமும் போடேல்லையாம், தாந்தி. ஊரே புகழுதாம்."

"நல்ல வளர்ப்பு," என்றேன். "நானும் அப்பிடித்தான்."

அவள் சிரிக்கவில்லை. "இரத்தம் நிண்டுட்டுதோ எண்டு கேட்டன். எல்லாருக்கும் போறதுதானே எண்டுறா."

அவளுடைய தாய் அப்படிப் போனவள்தான். பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. தாயின் காலத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருத்தியாவது போவாளாம். பிறகு ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வந்தது, சாவு குறைந்தது. ஆனால் மழைக்கு ஆறு பெருகிவிடும். தங்கையின் மாமனார் சொல்லாமல் கழுதை வண்டி அசையாது. அவரோ தூரத்து வயலில்.

"ஆள் விட்டுக் கூப்பிடச் சொல்லன், பிள்ளை."

"ஏலாதெண்டு அவள் சொன்னாத்தானே கூப்பிடுவினம்? கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறாளாம்."

திரும்பவும் போன் எடுத்து, தங்கையின் காதில் வைக்கச் சொன்னாள். அவர்களுடைய பாசையில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார். "அம்மா, உங்கடை சிநேகிதி இண்டைக்குச் சட்டி கழுவுறாவோ, போன் கழுவுறாவோ?"

"நீ போய் உன்ரை கல்லாவைப் பார்," என்றேன். பிறகு அவளிடம், "என்ன சொல்லுறாய்?"

"கத்தச் சொல்லுறன். கத்தினால் அயல் ஓடிவரும். சனம் கூடினால் கிழவன் வந்துதான் ஆகவேணும். வெக்கமாம், தாந்தி! சாகக் கிடக்கிறாள், வெக்கமாம்!"

அங்கே போனைப் பிடித்திருந்தது தங்கையின் மகள். முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டிப் பிடி என்று இவள் அந்தப் பிள்ளைக்குச் சொன்னாள். பிடித்ததும், பிள்ளை பெறுகிறவள் மாதிரி இவள் கத்தினாள். முன்னால் தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். ஒரு கட்டத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. இவள் நிறுத்தினால் அங்கே வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு நான் குரலெடுத்தேன். என் மூன்று பிள்ளைக்கும் சேர்த்துக் கத்தினேன்.

சனம் வந்தது. கிழவனும் வந்தார். வண்டி கட்டினார்கள்.

மத்தியானக் கூட்டம் கலைந்தபோது போன் அடித்தது. ஒரு மாதிரி ஆற்றைக் கடத்திவிட்டார்களாம். சின்ன ஆஸ்பத்திரியில் தாதி இருந்தாள். ஏற்றுவதற்கு இரத்தம் இல்லை. பட்டணத்துக்குக் கொண்டுபோகிற வழியில், வண்டியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளை இருக்கிறது.

பேசினது மாமியார்தான். அவள் இன்னும் ஏதோ சொல்ல, இவள் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம், பிள்ளை?"

"கடைசிவரைக்கும் வாயே திறக்கேல்லையாம். குடும்பத்துக்கே பெருமையாம்."

குழாயைத் திறந்துவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாள். அந்த மாமியாரை நாலு வார்த்தை திட்டத்தான் நினைத்தேன். ஆனால் காலையில் நல்ல வளர்ப்பு என்று சொன்னதும் இதே வாய்தானே.