எடுத்த இடத்திலேயே வைத்தவர்

ஏற்காட்டில் எங்கள் நூலகத்தில் யாரும் படிக்காத நூல்களைக் கழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரவல் பதிவேட்டைப் பார்த்தேன். வாசகர்கள் படித்துவிட்டு மாலையில் மேசைகளில் விட்டுப்போன நூல்களையும் மூன்று மாதம் குறித்தேன். இரண்டிலும் வராதவற்றைப் பழைய பேப்பருக்குப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு, நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் செல்வியக்கா அலமாரி முன் திகைத்து நின்றார்.

"ஏனுங்க மேடம், அந்தக் கணிதப் புத்தகம் எங்கீங்க? அடுத்த மாசம் அரசாங்கப் பரிச்சை. வயசு வரம்பு முடியுது, இதுதான் கடைசித் தடவைங்க."

"அது மின்னூலா இருக்குங்கக்கா."

பட்டன் போனைக் காட்டிச் சிரித்தார். "இதுல வருமுங்களா?"

"நீங்க எடுத்ததாப் பதிவே இல்லீங்களே?"

"இங்கயே படிப்பனுங்க. உங்களுக்கு எதுக்கு வேலைன்னு, எடுத்த எடத்துலயே வெச்சுட்டுப் போவேன்."

பேப்பர் கடைக்கு ஓடினேன். லாரி சேலத்துக்கு இறங்கிவிட்டிருந்தது.

தேர்வில் தேறவில்லை என்று சொன்னபோதும் அவர் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் அந்த மூன்று மாதப் பட்டியலைக் காட்டி வாதாடியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.